பங்காளியா, மாமனா? வில்லியனூர் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி

ஒரே வீட்டில் வாழ்ந்த இருவர் உடன்பிறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டுமா? 1976 பிப்ரவரியில் இந்தக் கேள்விதான் என்னைத் திருச்சியிலிருந்து வில்லியனூருக்கு அனுப்பி வைத்தது.

என் தங்கை ஸ்டெல்லாவுக்கும், அவள் வேலை செய்யும் பள்ளியிலேயே ஆசிரியராக இருக்கும் அருள்ராஜுக்கும் திருமணம் பேசியிருந்தோம். இருவரும் மனமொத்து எடுத்த முடிவு அது. நிச்சயத் தட்டு மாற்றும் வேளையில் மாப்பிள்ளையின் சித்தப்பா மரியதாஸ் எங்களைப் பெருமைப்படுத்த எண்ணி, “நாம இன்னா அந்நியமா? உங்க தாத்தா சூசையும் எங்கப்பா சவரிமுத்துவும் வில்லியனூர்ல ஒரே வூட்ல இருந்தவங்க” என்றார். மாப்பிள்ளையின் தாயார் தட்டைக் கீழே வைத்துவிட்டார். தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்றால் நாங்கள் பங்காளிகள். மணமக்கள் அண்ணன் தங்கை முறையாகிவிடுவார்கள்.

விசாரிக்க ஆளில்லை. தாத்தாவுக்கு ரயில்வே வேலை கிடைத்தபோது கைக்குழந்தையாகத் திருச்சிக்கு வந்த என் தந்தை காலமாகிவிட்டார். மரியதாஸும் சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர்; அவர் அண்ணனும், எங்கள் தாத்தா பாட்டிமாரும் இப்போது இல்லை. எஞ்சியது வில்லியனூர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றுதான்.

காலை ஏழு மணிக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் மரியதாஸ் எனக்காகக் காத்திருந்தார். வில்லியனூருக்கு முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு; ஆளுக்கு ஒரு ரூபாய் பத்துப் பைசா. சீட்டுக் கிழித்த நடத்துநர், “இன்னா பெரியவரே, அப்பாவும் புள்ளையுமா?” என்று கேட்டார்.

“மாமனும் மருமவனுமாவும் இருக்கலாம். அத்தத் தெரிஞ்சிக்கத்தாம்பா போறோம்.”

நடத்துநர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

திருவாண்டார்கோயிலில் கரும்பு வண்டிகள் வழியடைக்க, பேருந்து வெகுநேரம் நின்றது. “பெருமைக்கு ஒரு வார்த்த சொன்னேன் தம்பி. அண்ணி எங்கூடப் பேசறதில்ல, அருள் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கான்” என்றார் மரியதாஸ். பதிவேடு பங்காளி என்று சொல்லிவிட்டால் அந்தச் செய்தியை ஸ்டெல்லாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் நான். தெரியாமலே விட்டிருக்கலாமோ என்றும் தோன்றியது. ஆனால் ஐயத்தின்மேல் தொடங்கும் இல்வாழ்க்கையில் ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு இழப்புக்கும் ஊரார் அந்த ஐயத்தையே காரணம் காட்டுவார்கள்.

பத்து மணியளவில் வில்லியனூர்க் கோயிலில் பங்குச் சாமியார் பதிவேட்டு அலமாரியைத் திறந்தார். நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம். இலத்தீனில் எழுதிய வரிகளை விரல் வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். என் தந்தையின் ஞானஸ்நானம் அகப்பட்டது. தகப்பன் சூசை, தாய் மதலேன், ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நின்ற ஞானத்தந்தை சவரிமுத்து.

மரியதாஸ் தொடையில் தட்டினார். “முடிஞ்சிது. எங்க சனத்துல தலைச்சன் புள்ளைக்குத் தாய்மாமன்தான் ஞானத்தகப்பனா நிப்பான். சித்தப்பன் நிக்க மாட்டான். அவன்தான் ஏற்கெனவே தகப்பனாச்சே.”

“வழக்கத்தை வச்சு மட்டும் நான் எழுதித் தர முடியாது. இன்னும் பின்னால போய்ப் பாப்போம்” என்றார் சாமியார்.

பழைய ஏடுகளில் சவரிமுத்துவின் ஞானஸ்நானமும், நான்கு ஆண்டுகள் தள்ளி மதலேனின் ஞானஸ்நானமும் இருந்தன. இருவருக்கும் ஒரே தாய் தகப்பன். திருமணப் பதிவேட்டில் சூசையின் ஊர் அபிஷேகப்பாக்கம் என்றிருந்தது. மனைவியின் வீட்டுக்கு வந்து தங்கியவர் என் தாத்தா. ஒரே வீடு என்பதன் பொருள் அவ்வளவுதான்.

“எனக்கு ஒரு அத்தை இருந்திருக்காங்க” என்று மரியதாஸ் மெல்லச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அப்ப உங்க தாத்தா வூட்டோட மாப்ள. எங்க சோத்தத் தின்னு வளந்த வம்சம்பா நீங்க.”

“அதனாலதான் மாமா இப்ப பொண்ணு குடுக்கறோம்” என்றேன்.

சாமியார் சிரித்துவிட்டு, “ஒரு சங்கடம் இருக்கு” என்றார். “சவரிமுத்துவோட பேரன், அவர் தங்கச்சியோட பேத்தி. இவ்வளவு கிட்டத்து உறவுன்னா ஆயருக்கு மனுப் போட்டு அனுமதி வாங்கணும். அது வர்றதுக்குள்ள தவக்காலம் தொடங்கிடும், அப்ப கல்யாணம் வைக்கறதில்ல. ஈஸ்டர் கழிச்சுத்தான் கல்யாணம்.”

“பங்காளியா இருந்திருந்தா, சாமி?”

“அதுக்கும் இதே மனுதான். திருச்சபைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“இத எங்க அண்ணி காதுல போட்டுடாதீங்க சாமி” என்றார் மரியதாஸ்.

உச்சி வெயிலில் சாலையோரக் கடையில் கரும்புச் சாறு குடித்துவிட்டு, சாமியார் எழுதித் தந்த மனுவில் இருவரும் கையெழுத்திட்டோம். திருச்சியில் எங்கள் பங்குக் கோயில் பத்து நிமிட நடைதான். அங்கும் இப்படிப் பதிவேடுகள் உண்டு. சான்றிதழ் தேவைப்பட்டபோதன்றி நான் அவற்றை நினைத்ததே இல்லை.

அனுமதி வந்தது, மே மாதத்தில் திருமணம் நடந்தது. அதன் பிறகு எங்கள் இரு குடும்பங்களிலும் பெண் கேட்டுப் போவதற்கு முன்பே ஒருவர் பங்குக் கோயிலுக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்.