வெள்ளிக்கிழமைப் புகையும் ராக்காயி அக்காளின் கூடாரமும்

ராக்காயி அக்காள் வீட்டுக்குள்ளேயே இன்னொரு வீடு கட்டினாள். 1984ஆம் ஆண்டு. ஜெலாப்பாங்கில் அவளும் அவள் கணவர் ஐயாவு அண்ணனும் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டின் பின்னறையில், ஆறடி உயரத்துக்கு மரச்சட்டம் அடித்து, நாலு பக்கமும் மேற்புறமும் பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதற்குள் சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கினாள். நான் அவர்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். குளிக்கப் போகும் வழி பின்னறை வழிதான். அதனால் தினமும் நாலைந்து தடவை அந்தக் கூடாரத்தைக் கடந்து போவேன். உள்பக்கம் வியர்த்துப்போன பிளாஸ்டிக். அதற்கப்பால் மங்கலாக, அடுக்கடுக்காக மரத்தூள் பைகள், வகுப்பறைப் பிள்ளைகள் மாதிரி.

விவசாய இலாகாவினர் சமூக மண்டபத்தில் மூன்று நாள் காளான் வளர்ப்பு வகுப்பு நடத்தினார்கள். போன பெண்களில் நூறு பைகளை வாங்கிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான். பைக்குள் இருந்தது ரப்பர் மரத்தூள். மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "தோட்டத்த வித்துட்டானுங்க, ஆனா இந்த மரம் என்னை விட மாட்டேங்குது தம்பி" என்றாள்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒன்பது வருஷம் புகைவீட்டில் வேலை செய்தவள். ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகையில் காயவைக்கும் இடம் அது. இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கையுறைக்குத் தூவும் மாவுத்தூள் தந்த இருமலை விட்டொழிக்க வேண்டும், காளானை நம்பி வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. பக்கத்து வீட்டு குல்ஜார் பேகத்தின் கணவருக்குக் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை. நல்லா வந்தா நாங்களே எடுத்துக்குறோம் என்று பேகம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

சூடு இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எங்கள் பின்னறையோ மதியம் இரண்டு மணிக்கு முப்பத்துநாலு காட்டும். அக்காள் கோணிச் சாக்குகளை நனைத்துக் கூடாரத்தின் மூன்று பக்கமும் தொங்கவிட்டாள். தரையில் ஈர மணல் பரப்பினாள். அதோடு நிற்காமல் வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறியைத் தூக்கிக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டாள்.

இரும்புப் பட்டறையிலிருந்து வந்த ஐயாவு அண்ணன் சட்டையைக் கழற்றிப்போட்டு, பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டார்.

"காளானுக்குக் காத்தாடி, கட்டுன புருசனுக்குப் பேப்பரு."

"காளான் வேலை செய்யுதுலா. நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க."

முதல் விளைச்சல் வந்தது. தண்டு விரல் நீளம். தலையோ தீக்குச்சி மருந்து அளவு. குல்ஜார் பேகம் வந்து ஒன்றைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது காளானா, தவ்கேயா?"

முளைப்பயறைச் சொல்லிக் கேலி செய்கிறாள் என்று தெரிந்தும் அக்காள் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. ஐயாவு அண்ணன் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"அடுத்த தடவையும் இப்படித்தான் வந்துச்சுன்னா காத்தாடி எங்கிட்ட வந்துரணும். கூடாரம் குப்பைக்குப் போயிரணும். சரியா?"

"சரி."

ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டாளே தவிர, அன்று முழுக்க அவள் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெப்பமானியில் சிவப்புக் கோடு ஒழுங்காகத்தான் நின்றது. அப்படியானால் எங்கோ ஈரம் வெளியே கசிகிறது என்று முடிவு கட்டினாள். புகைவீட்டில் ஒரு பொத்தல் இருந்தால் ஷீட்டு கெட்டது. ஒன்பது வருஷமாகப் பொத்தல் கண்ட இடத்தில் சாக்கைத் திணித்துப் பழகிய கைகள். அந்தக் கைகள் இப்போதும் அதையே செய்தன. ஓரங்களில் ஒட்டுநாடா. கதவு மடிப்பில் பழைய சேலைத் துணி. அடியில் மணல் மூட்டை. ஒரு கொசு நுழைய வழியில்லை. அடுத்த முளைகள் எட்டிப் பார்த்தன. அவையும் கழுத்தை நீட்டிக்கொண்டே போயின.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்காள் தலைக்குக் குளித்து, ஈரமுடியை முடிந்து, தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவினாள். கூடம், சமையலறை, ஆணியில் தொங்கிய ஐயாவு அண்ணன் சட்டை, என் அறை வாசல் என்று எல்லா இடத்துக்கும் காட்டினாள். கடைசியில் கூடாரத்தின் முன் நின்று யோசித்தாள்.

"இதுவும் வீட்டுல ஒரு ரூமுதானே."

உள்ளே போய் மூன்று சுற்று காட்டிவிட்டு வெளியே வந்து, மடிப்பைப் பழையபடி அடைத்தாள். அப்புறம் தேநீர் குடித்தோம். அண்ணன் பத்திரிகையை வாசித்தார், விசிறினார், மறுபடி வாசித்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கால் கழுவப் பின்னால் போனவரின் குரல் கேட்டது.

"ராக்காயி, உன் காளான் இன்னும் சாமி கும்பிடுதுலா. வந்து பாரு."

கூடாரம் நிறையப் புகை அப்படியே இருந்தது. விசிறி அதை மேலே தூக்கி எறிந்தது. அது கூரைத்தாளில் முட்டி, சுவரோரமாக இறங்கி, தரையில் தவழ்ந்து, மறுபடி விசிறிக்கே வந்து சேர்ந்தது. வெளியே போக வழி தெரியாத மேகம். அக்காள் குந்தி உட்கார்ந்து அதன் போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் புகைவீட்டையே கட்டி வச்சிருக்கேன்" என்றாள் மெதுவாக. "அங்க புகை நிக்கணும். இங்க எதுக்கு நிக்குது? இதுங்க விட்ட மூச்சையே இதுங்க திரும்ப இழுக்குது. அதான் கழுத்த நீட்டிக் காத்துத் தேடுது."

"நான் தினமும் பஸ்ஸுல அப்படித்தான் போறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"உங்க தலையும் சின்னதுதான்."

மறுநாள் கத்தரிக்கோலை எடுத்தாள். சன்னல் பக்கம், தரையோடு சேர்த்து ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு வெட்டிக் கொசுவலை வைத்துத் தைத்தாள். அதன்மேல் நனைந்த சாக்கு. எதிர்ப்பக்கம் உச்சியில் இன்னொரு திறப்பு. ஈர ஷீட்டு தொங்கும் முதல் நாளில் மட்டும் புகைவீட்டுக் கூரைப் பலகையைத் திறந்துவிடுவார்களாம். சூடும் ஈரமும் மேலேறிப் போய்விடுமாம். விசிறியைக் கூடாரத்திலிருந்து வெளியே எடுத்து, சன்னலை ஒட்டி முக்காலியில் வைத்து, சாக்கைப் பார்த்துத் திருப்பினாள். பிறகு தூபக்காலைத் தேடினாள்.

"இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?" என்றார் அண்ணன்.

"சனி. சும்மா இருங்க."

புகை முதலில் தரையில் படுத்தது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பைகளைத் தடவிக்கொண்டு மேலேறி, உச்சித் திறப்பு வழியாக நழுவி, கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. அவள் விசிறியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை சாம்பிராணி போட்டாள். இந்தத் தடவை சோம்பலாகப் போனது, ஆனாலும் போய்விட்டது. அக்காள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதன் அர்த்தம் அன்று எனக்குப் புரியவில்லை.

நீண்டுபோன தண்டுகளையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் சாக்கை நனைத்தாள். பத்தாம் நாள் பைகளின் வாயில் சாம்பல் நிறக் குமிழ்கள் தெரிந்தன. அதற்கப்புறம் மூன்று நாளில் அவை விரிந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, ரகசியம் கேட்கும் காதுகளைப்போல. தண்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு தட்டு நிறையப் பறித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். குல்ஜார் பேகம் அடிப்பக்கத்தையும் மோந்து பார்த்தாள்.

"இது காளான்" என்றாள். "கடைக்கு அனுப்புறேன். நாளைக்கும் பறிப்பியா அக்கா?"

அன்று சாயங்காலம் ஐயாவு அண்ணன் வந்தபோது விசிறி கூடத்தில் அவர் நாற்காலியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கூடாரத்தப் பிரிச்சிட்டியா?"

குரலில் வெற்றி இல்லை. எனக்கு அது வருத்தம் போலவே கேட்டது.

"மத்தியானம் சூட்டுக்கு மட்டும் அதுக்கு வேணும். பொழுது சாஞ்சா திறப்பே போதும், காத்து தானா ஏறிப் போயிரும். அஞ்சு மணிக்கு மேல காத்தாடி உங்களுக்கு" என்றாள் சமையலறையிலிருந்து. "போய்ப் பாருங்க."

அவர் பின்னறைக்குப் போனார். நெடுநேரம் வரவில்லை. வந்ததும் விசிறிக்கு முன்னால் உட்காராமல், கூடத்துச் சுவரில் சாய்த்திருந்த, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்வரும் தன் சைக்கிளைப் பார்த்தார்.

"இதை வெளிய நிறுத்திட்டா, அந்த எடத்துல இன்னொரு கூடாரம் அடிக்கலாம்லா?"

"சட்டத்துக்கு மரம் சொல்லியாச்சு" என்றாள் அக்காள்.