நண்டு என்ன சாப்பிட்டது?

கால் ஒடிந்து விலைபோகாத நண்டு ஒன்றாவது பிடிகூண்டில் இருந்துவிடும். குன்வோர் அக்கா அதைப் படகின் விளிம்பில் கவிழ்த்து, இடுப்புக் கத்தியால் ஒரே கீறு. இரைப்பையைப் பிதுக்கி, வந்ததைக் கட்டைவிரல் நகத்தில் ஏந்திப் பார்ப்பார். படகைக் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். துறையில் நண்டை நிறுத்துப் போடுகிற எனக்கு இந்தப் பூசை பழகிவிட்டது.

"மட்டி ஓடு," என்பார். "நல்லாத்தான் தின்னுருக்கு."

ராஜநண்டு வந்த பிறகுதான் வடதுருவத்தை ஒட்டிய எங்கள் வராங்கர் கரையில் பூட்டிக் கிடந்த வீடுகளில் மறுபடி விளக்கு எரிகிறது. அக்காவின் படகும் நண்டு கொடுத்ததுதான். பனி கொட்டினாலும் குல்லா போட மாட்டார். "காதை மூடிட்டா இன்ஜின் இருமுறது கேக்காது" என்பது அவர் கட்சி.

இந்த வசந்தத்தில் மட்டி ஓடு வருவது நின்றது. வெறும் சேறு. பிறகொரு நாள் நகத்தில் சிவப்பாக ஏதோ.

"நண்டு ஓடு," என்றார். "ஒண்ணை ஒண்ணு திங்குது."

நான் நீட்டிய காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். கடலடி காலியானால் நண்டு போகும், பின்னாலேயே ஊரும் போகும்.

ஆராய்ச்சிக்காரர்கள் ஊர்க் கூட்டம் போட்டார்கள். பணம் ஓர் ஆய்வுக்குத்தான் இருக்கிறதாம். நண்டை எண்ணுவதா, கடலடியைப் பார்ப்பதா? எண்ணிக்கை கூடினால் பிடிக்கிற அளவைக் கூட்டுவார்கள். கடலடி என்றால் நல்ல இடமாக ஒன்றை மூன்று வருடம் யாரும் நண்டு பிடிக்காமல் மூட வேண்டும். எல்லோரும் எண்ணத்தான் சொன்னார்கள்.

"வீட்டுல எத்தனை பேருன்னு எண்ணிக்கிட்டே இருங்க," என்றார் அக்கா, வாயில் வாஃபிள் அப்பத்தோடு. "அடுப்படியில உருளைக்கிழங்கு இருக்கான்னு ஒருத்தரும் பாத்துராதீங்க."

பக்கத்துப் படகுக்காரர் ஹில்மார் சிரித்தார். "பேசுறது சுலபம் குன்வோர். யாரு இடத்தை மூடுறது? உன் இடத்தையா?"

வளைகுடாவிலேயே அதிகம் நண்டு விழுவது அக்காவின் இடத்தில்தான்.

"ஆமா, என் இடத்தைத்தான். மூணு வருசம் வெளிக்கடலுக்குப் போறேன். எனக்குப் படகு ஓட்ட வராதா?"

கை தூக்கச் சொன்னபோது ஹில்மார் கையும் கடலடிக்குத்தான் எழுந்தது.

மறுநாள் அக்கா தன் கூண்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு திரும்பினார். படகில் ஒரு நண்டுகூட இல்லை.

"ஒண்ணும் விழலையாக்கா?"

"கூண்டு தூக்க முடியல, அவ்வளவு விழுந்துச்சு. விட்டுட்டேன். அதுங்க என்ன திங்குதுன்னுதானே பாக்கப் போறாங்க."

அவர் கை, பழக்கதோஷம், கத்தியை உருவிவிட்டிருந்தது. கீறுவதற்கு ஒன்றும் இல்லை. ஈரம் படாத கத்தியைச் சட்டையில் துடைத்து உறையில் போட்டுவிட்டு, படகைக் கட்டினார்.