பல்பு எரிந்தால்தான் திரும்புவார்

"வீரண்ணே!" என்று டீக்கடைக்கு எதிர்ப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் வீரணன் திரும்ப மாட்டார். கையிலிருக்கும் வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே முதலில் டீ மாஸ்டரின் முகத்தைப் பார்ப்பார். மாஸ்டர் சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தால், சரி, யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். பெஞ்சில் பேப்பர் படிக்கிறவரின் தலையும் அங்கே போனால் சந்தேகமே இல்லை. அப்புறம்தான் ஆற அமரத் திரும்பி, "என்னப்பா?" என்பார். அதற்குள் கூப்பிட்டவன் கத்திக் கத்தி அலுத்துப்போய், சாலையைக் கடந்து பக்கத்திலேயே வந்து நிற்பான்.

"ஒங்களுக்குக் காது கேக்காதாண்ணே?" என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பதுண்டு.

"கேக்கும்ப்பா. ரொம்ப நல்லாக் கேக்கும். அதுதானே வில்லங்கம்."

காரைக்குடியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீரணனின் மைக் செட் கடை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கேத வீடு எதுவானாலும் குட்டியானை வண்டியில் ஒலிபெருக்கிக் குழாய்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். வயது ஐம்பதை நெருங்குகிறது, இன்னும் புளியமரத்தில் ஏறிக் குழாய் கட்டுகிறார். மைக்கைச் சோதிக்கும்போது மற்றவர்களைப் போல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண மாட்டார். "காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர்" என்று அடித்தொண்டையில் சொல்வார். கல்யாண மண்டபத்தில் இதைக் கேட்ட ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிய கதையை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் வரிசையாகச் சின்ன விளக்குகள் உண்டு. மைக்கில் பேச்சு நுழைந்தால் பச்சை விளக்குகள் குதிக்கும். யாராவது கத்தினால் சிவப்பைத் தொடும். மற்ற மைக் செட்காரர்களுக்கு அது சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு. வீரணனுக்கு, தன் காதில் விழுந்தது வெளியிலிருந்து வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கு. குழாயில் தன் பெயர் கேட்டால் சட்டென்று கண் விளக்குக்குப் போகும். விளக்கு குதித்தால் எழுந்து போவார். குதிக்காவிட்டால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். செல்போன் மேல் அவருக்கு அலாதிப் பிரியம். மணியடித்தால் திரையில் பேர் தெரிகிறதல்லவா!

எல்லாம் கஞ்சாவால் வந்த வினை. அதை அவர் மறைப்பதில்லை. அதற்காகத் தலையில் அடித்துக்கொண்டு அழுவதுமில்லை.

இருபது வயதுகளில், விடிய விடிய நடக்கும் ஊர் நாடகங்களுக்கு மைக் போடப் போன இடத்தில் பழக்கம் பிடித்தது. அந்த நாளைப் பற்றிப் பேசினால் முகமே மலர்ந்துவிடும். "பொய் சொல்லக் கூடாதுல்ல, நல்லாத்தான்யா இருந்துச்சு. ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா, ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பிரிஞ்சு நிக்கும். இந்தக் குழாய்ல இருந்து அந்தக் குழாய்க்குச் சத்தம் போறதை இந்தாருக்கு அந்தாருக்குன்னு கண்ணால பாக்கலாம். மேடைக்கும் எனக்கும் பத்தடி இருக்கும். நடந்தா திருப்பத்தூருக்கு நடக்குற மாதிரி போய்க்கிட்டே இருக்கும். ஒரு பாட்டு முடியுறதுக்குள்ள ஒரு ராத்திரி போயிரும்."

பேச ஆரம்பித்த வாக்கியத்தின் தலை எங்கே, வால் எங்கே என்று மறந்துபோய் நடுவில் நின்று சிரிப்பாராம். ஒரு வேர்க்கடலையை வாயில் போட்டால் அதன் ருசி முடியவே முடியாதாம். இந்தக் கதையை ஒருமுறை கல்லூரி ஒன்றில் சொல்லித் தொலைத்துவிட்டார். போதைப் பொருள் ஒழிப்புக் கூட்டத்துக்கு மைக் போடத்தான் போயிருந்தார். யாரோ விவரம் தெரிந்தவர், "அண்ணனே அனுபவஸ்தர்தான், ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று மேடையேற்றிவிட்டார். வீரணன் மைக்கைப் பிடித்து, "மொதல்ல நல்லாத்தான் இருக்கும்" என்று தொடங்கியதும் பிள்ளைகள் விசிலடிக்க, பேராசிரியர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "பாதியில புடுங்கிட்டாகய்யா. மீதியில்ல சொல்ல வேண்டியது!" என்று இன்றைக்கும் ஆதங்கப்படுகிறார்.

அந்த மீதி இதுதான்.

வருஷங்கள் போகப் போகச் சத்தங்களுக்கு நடுவில் பேச்சு கேட்க ஆரம்பித்தது. மின்விசிறி ஓடினால் அதில் ஒரு முணுமுணுப்பு. குழாயில் பாட்டு நின்று இரைச்சல் மட்டும் வரும்போது அதில் யாரோ அவர் பேரைச் சொல்லுவார்கள். அவர் மனைவி பாண்டீஸ்வரி வீட்டில் மாவரைத்து விற்கிறாள். கிரைண்டர் ஓடும்போதுதான் அவருக்கு ரொம்பவும் கேட்கும். "யாரோ என்னைப் பத்திப் பேசுறாக புள்ள, நீயும் சேந்து பேசுறியா?" என்று ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். கிரைண்டரை நிறுத்தி, "இப்பக் கேக்குதா?" என்றாள். கேட்கவில்லை. மறுபடி போட்டாள். கேட்டது. "அப்ப அது கிரைண்டர்தாங்க. தெனம் அந்தப் பொட்டலத்தை வாங்கி ஊதிக்கிட்டே இருந்தா இப்படித்தான் இருக்கும்" என்றாள். அவருக்கு அவள்மேலேயே சந்தேகம் வந்ததுதான் மிச்சம்.

அந்த நிலையில்தான் சொந்த ஊர்ப் புரவி எடுப்பு வந்தது. குன்றக்குடிக்குப் பக்கத்துச் சின்ன ஊர். அய்யனாருக்கு மண்குதிரை செய்து, கரை என்று சொல்லும் பங்காளிப் பிரிவுகள் வரிசைப்படி தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். ஊர்த் தலைவரான அம்பலம் சேவுகப்பெருமாள், வீரணனுக்கு மாமா முறை, மைக்கில் ஒவ்வொரு கரையாகக் கூப்பிடுவார். கூப்பிட்ட கரை தூக்கலாம், கூப்பிடாத கரை குதிரையில் கைவைக்கக் கூடாது. வரிசை பிசகினால் அவமரியாதை. அதற்காக வெட்டுக்குத்துக்குப் போன ஊர்கள் உண்டு.

அம்பலம் முதல் கரையைக் கூப்பிட்டார். குதிரை எழும்பியது. அடுத்து, "ரெண்டாங்கரை..." என்று வாயெடுத்தார். வீரணனின் காதில் விழுந்தது வேறு. அதே அம்பலத்தின் குரல், அதே குழாய், "வீரணன் களவாணிப்பய, அவனை ஊருக்குள்ள வைக்காதீக" என்று சொன்னது. ஊரே கேட்கத் தன்னைச் சந்தி சிரிக்க வைக்கிறார்கள் என்று கொதித்துப்போய், ஸ்விட்ச் பலகையிலிருந்து ஒயரை வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். குழாய் செத்தது. இரண்டாம் கரை கூப்பிட்டாயிற்று என்று எண்ணி மூன்றாம் கரை தூக்கிவிட்டது. இரண்டாம் கரை பாய்ந்தது. தள்ளுமுள்ளில் ஒரு குதிரையின் முன்னங்கால் முறிந்து தரையில் கிடந்தது. சாமி காரியத்தில் குறை வந்துவிட்டதே என்று பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

"என்னை வஞ்சாரு, நான் புடுங்குனேன்" என்று வீரணன் ஊர்க்கூட்டத்தில் அடித்துச் சொன்னார். அப்போது ஒரு பையனின் செல்போனில் புரவி எடுப்பு வீடியோ இருந்தது. கூட்டத்தின் நடுவில் போட்டுக் காட்டினார்கள். அம்பலத்தின் குரல், "ரெண்டாங்கரை" என்கிறது, வெட்டுப்பட்டுவிடுகிறது. அவ்வளவுதான். வீரணன் போனை வாங்கிக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். வசவு இல்லை. வசவுக்கு இடமே இல்லை. அடிக்கக் கை ஓங்கியவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவர் மனைவியிடம் கேட்டது ஒன்றுதான். "ஏன் புள்ள, இப்ப நீ பேசுறியே, இது நீதானா?"

பாண்டீஸ்வரி மறுநாளே சிவகங்கைக்கு பஸ் ஏற்றினாள். ஆஸ்பத்திரி டாக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். "எல்லாருக்கும் இப்படி ஆகுறதில்லை. சிலருக்கு ஆகும். உங்களுக்கு ஆயிருச்சு. மாத்திரை தர்றேன், குரல் போகும். திரும்ப அதைத் தொட்டீங்கன்னா குரலும் திரும்ப வரும்." வீரணன் தொடவில்லை. வாய் நமநமவென்று இருக்கும்போது கடலை மிட்டாய் கடிப்பார். சட்டைப்பையில் எந்நேரமும் உடைந்த மிட்டாயும் எறும்பும் இருக்கும். குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, பிறகு வராமலே போயின. குரல்தான் போயிற்றே தவிர, காதின்மேல் போன நம்பிக்கை வரவில்லை. அன்றிலிருந்துதான் விளக்கைப் பார்க்கிறார், டீ மாஸ்டர் முகத்தைப் பார்க்கிறார்.

பாண்டீஸ்வரியும் அன்றிலிருந்து அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சோறு எடுத்து வைத்தால் நடந்து வந்து முழங்கையைத் தொடுவாள். அவர் மாடியில் இருந்தால் மாடிக்கே ஏறுவாள். "கத்தி ஒரு குரல் குடுத்தா என்னடி?" என்று பக்கத்து வீட்டு வீரலட்சுமி கேட்டதற்கு, "கத்துனா அவுக பயந்துபோறாக. தொட்டா நான்தான்னு தெரியும்ல" என்றாள். வாய் ஓயாமல் பேசுகிறவள் அவள். இந்த ஒரு விஷயத்தில் அப்படி அடக்கிக்கொண்டாள்.

வெளியூர்க்காரர்கள் வீரணனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சொந்த ஊர்தான் கூப்பிடவில்லை. திருப்பத்தூரிலிருந்து வேறு செட் வந்தது. புரவி எடுப்பு நாளில் வீரணன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வார். "ஊரு கூப்பிடட்டும்னு கெடக்கேன்" என்று வெளிப்படையாகவே சொல்வார். "எங்க அய்யனாருக்கு எங்குட்டோ இருந்து எவனோ வந்து குழாய் கட்டுறான், வயிறு எரியுது."

இந்த வருஷம் சேவுகப்பெருமாள் அம்பலமே கடைக்கு வந்தார். முன்னைப் போல நடை இல்லை, கைத்தடி வந்துவிட்டது. வாசலில் நின்று, "மாப்ளே" என்றார். வீரணன் திரும்பவில்லை. அம்பலத்துக்கு விஷயம் தெரியும். தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு மேசையிலிருந்த மைக்கை எடுத்து, "மாப்ளே, இந்த வருசம் நீதான் செட் போடுற" என்றார். பச்சை விளக்குகள் குதித்தன. வீரணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரிங்க மாமா" என்று எழுந்து நின்று சொன்னார்.

"ரெண்டாங்கரையாளுக முறுக்கிக்கிட்டுத்தான் இருக்காக. எம் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன். எம் மானத்தைக் காப்பாத்து."

புரவி எடுப்பு அன்று மதியமே போய்ப் புளியமரத்தில் குழாய் கட்டினார். புது ஒயர் இழுத்தார். ஒன்றுக்கு இருமுறை குன்றக்குடி, பிள்ளையார்பட்டி சொல்லிப் பார்த்தார். கரண்டை நம்ப முடியாதென்று, கயிறு இழுத்துக் கிளப்புகிற ஜெனரேட்டர் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நாலு மணி வெயிலில் கரைக்காரர்கள் வேட்டியை இறுக்கிக்கொண்டு குதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பாண்டீஸ்வரி குதிரை வரிசைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு நின்றாள்.

அம்பலம் முதல் கரையைக் கூப்பிட்டார். குதிரை எழும்பியது, குலவை கிளம்பியது. "ரெண்டாங்..." என்றார். குழாய் செத்தது.

விளக்குகள் எல்லாம் அணைந்து கிடந்தன. வீரணனின் வலது கை பலகையின்மேல் இருந்தது, ஒயரை ஒட்டினாற்போல. பிடுங்கினேனா? பிடுங்கவில்லையே. பிடுங்கினேனா? ஒயர் செருகியபடிதான் இருக்கிறது என்று கண் சொன்னது. அன்றைக்குக் காது சொன்னதைப் போல இதுவும் சொல்கிறதோ என்னவோ! "மறுபடி புடுங்கிட்டான்டா!" என்று ஒரு குரல். "அவனைப் போயி விட்டீகளே!" என்று இன்னொன்று. இது வெளியிலா, உள்ளேயா? விளக்கைப் பார்த்தார். இருட்டு. யார் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார். எல்லாத் தலைகளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றாம் கரை ஆட்கள் குதிரைக்கடியில் குனிகிறார்கள். இரண்டாம் கரை பல்லைக் கடிக்கிறது. வீரணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பாண்டீஸ்வரி பார்த்துவிட்டாள். வழக்கம்போல முழங்கையைத் தொட ஓடிவரத்தான் பார்த்தாள். நடுவில் குதிரைகள், கம்புகள், இடைவெளியில்லாமல் ஆம்பளைகள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ரோட்டோரத்துக் கரும்புச்சாறு மெஷின் ஓடாமல் நின்றிருந்தது. பந்தலில் மின்விசிறி நின்றிருந்தது. பெண்கள் நடுவிலிருந்து, இத்தனை வருஷமாக அடக்கி வைத்த தொண்டையைத் திறந்து கத்தினாள்.

"ஏங்க! கரண்டு போச்சுங்க! ஊருக்கே இல்லை! நீங்க புடுங்கலை!"

வீரணன் விளக்கைப் பார்க்கவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"கேட்டுச்சு புள்ள!" என்றார் உரக்க.

குனிந்து ஜெனரேட்டர் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தார். அது உறுமிக்கொண்டு கிளம்பியதும் ஒயரை அதில் மாற்றிச் செருகினார். அவருக்குப் பின்னால் பச்சை விளக்குகள் எகிறிக் குதிக்க, "ரெண்டாங்கரை, தூக்குங்கப்பா!" என்று அம்பலத்தின் குரல் புளியமரத்திலிருந்து வந்தது. வீரணன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாண்டீஸ்வரி நின்ற பக்கம் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார்.