கடித உறையில் கீறிய வழி

ரொறன்ரோவில் நான் வந்து இறங்கியது 1998 ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பின்னேரம் இரண்டு மணி பத்து. ஜேர்மனியில் விமானம் ஏறி ஒன்பது மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. குடிவரவு அதிகாரி என் பயணப் பத்திரத்தை நாலு தரம் புரட்டிவிட்டு ஏன் வந்தாய் என்று கேட்டார். விடுமுறை என்றேன். அண்ணாவின் செத்தவீட்டுக்கு ஆறு மாதம் பிந்தி வந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு இங்கிலிஷ் காணாது.

மூன்றரை மணிக்கு வாடகைக் கார் எடுத்தேன். நாளுக்கு முப்பத்தெட்டு டொலர். இன்னும் ஏழு டொலர் தந்தால் வழி சொல்லும் மெசின் பூட்டிய கார் தரலாம் என்றாள் கவுண்டரில் நின்ற பிள்ளை. வானத்தில் இருக்கிற சற்றலைற் நாங்கள் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்குமாம். நான் வேலை செய்யும் உணவகத்தின் முதலாளியிடம்கூட இப்படி ஒன்று இல்லை. எடுத்தேன். கியருக்குப் பக்கத்தில் ஒரு கம்பி, அதன் நுனியில் சிகரெட் பெட்டி அளவில் ஒரு திரை. விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக அமத்தித் தேட வேண்டும். எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் இங்கிலிஷில் பிழையில்லாமல் எழுதக்கூடியது அந்த ஒரு விலாசம்தான். ஆறு வருஷமாக அண்ணாவுக்கு எழுதிய ஒவ்வொரு கடித உறையிலும் அதை எழுதியிருக்கிறேன்.

மெசினுக்குள் இருந்த பெண் இடது, வலது என்று சொல்லச் சொல்ல 401 நெடுஞ்சாலைக்கு ஏறினேன். ஒரு பக்கத்துக்கே ஆறேழு வரிசை வாகனம். நடுவில் ஓடுவது எக்ஸ்பிரஸ், கரையில் ஓடுவது கலெக்டர், அதிலிருந்துதான் வெளியே இறங்கலாம். எக்ஸ்பிரஸுக்குள் மாட்டினால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. நான் மாட்டினேன். இரண்டு இறக்கம் கையைவிட்டுப் போயிற்று. அந்தப் பெண் கோபிக்கவே இல்லை. கொஞ்சம் பேசாமல் இருந்து, புதிதாக ஒரு வழி சொன்னாள்.

அண்ணா என்றால் கத்தியிருப்பான். யாழ்ப்பாணத்தில் அவன் சைக்கிள் மிதிக்க நான் முன்பாரில் இருப்பேன். மணி அடிக்கிற வேலை என்னுடையது. தேவை இல்லாத இடத்திலும் அடித்துக் குட்டு வாங்குவேன். அவன் மிதிக்கும்போது மூச்சு என் பின்கழுத்தில் படும். 401இல் தனியாக ஓடும்போது அந்த இடம் கூசியது.

என் மனதில் இருந்ததை இதிலேயே சொல்லிவிடுகிறேன். போன டிசம்பரில் அவனுக்கு ஒரு கடிதம் போட்டேன். அவன் அனுப்பிய படங்களில் பெரிய வீட்டுக்கு முன்னால், பச்சைக் கார் ஒன்றில் சாய்ந்தபடி நிற்பான். "உனக்கு வீடு இருக்கு, கார் இருக்கு, தம்பியை ஒருக்கா வா எண்டு சொல்ல வாய்தான் இல்லை. இனி எனக்குக் கடிதம் போடாதை" என்று எழுதினேன். பதில் வரவில்லை. பெப்ரவரியில் ஒரு அங்கிள் ரெலிபோன் எடுத்தார். பனியில் சறுக்கிய வாகனம் ஒன்று பஸ் தரிப்பில் நின்ற அண்ணாவின் மேல் ஏறிவிட்டது என்றார். எனக்கு விசா கிடைக்கவில்லை. செத்தவீட்டை வீடியோ கசற்றில் பார்த்தேன். அந்தக் கடிதத்தை அவன் வாசித்தானா இல்லையா, அதை அறியத்தான் வந்தேன்.

நாலு மணி நாற்பதுக்கு வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், ஒரு வீட்டு வாசலில், வந்து சேர்ந்துவிட்டாய் என்றாள் மெசின்காரி. விமான நிலையத்திலிருந்து இருபத்தெட்டுக் கிலோமீற்றர். படத்தில் பார்த்த அதே வீடு. அதே பச்சைக் கார். மேல்மாடி ஜன்னலைப் பார்த்து, இதுதான் அவனுடைய அறையாக்கும் என்று நினைத்து அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் போய் மணி அடித்தேன். கதவைத் திறந்தவ பத்மா அன்ரி, ரெலிபோன் எடுத்த அங்கிளின் மனைவி. இவர்கள் அண்ணாவிடம் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள் என்பது என் எண்ணம். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அவனுடைய அறை எது என்று கேட்டேன்.

அன்ரி அங்கிளைப் பார்த்தா. அங்கிள் கோப்பையைப் பார்த்தார்.

"தம்பி, உங்கடை அண்ணா இஞ்சை ஒருநாளும் இருக்கேல்லை" என்றா அன்ரி.

பிறகு அங்கிள் விளங்கப்படுத்தினார். இங்கு தனியாக வந்த பெடியள் வீடுகளுக்கு அடியில் உள்ள பேஸ்மென்ற் அறைகளில்தான் இருப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். அகதி விசாரணைக்கு வரச்சொல்லும் கடிதம் ஒன்று தவறினாலே போச்சு. அதனால் எல்லோரும் மாறாத ஒரு வீட்டு விலாசத்தைக் கொடுத்துவைப்பார்கள். இந்த வீட்டுக்கு ஒருகாலம் பதினொரு பேருடைய கடிதம் வந்ததாம். அண்ணா சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வந்து தன் கடிதத்தை எடுத்துப்போவான். ஊருக்கு அனுப்பப் படம் வேண்டும் என்றால் எல்லாப் பெடியளும் அங்கிளின் காருக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள்.

"வேணுமெண்டால் நீரும் ஒண்டு எடும்" என்றார் அங்கிள். சிரிப்பு வந்தது. முதலாளியின் பென்ஸ் காரில் சாய்ந்து நான் எடுத்த படமும் அண்ணாவிடம்தானே இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அன்ரி என் காரில் ஏறி, அண்ணா கடைசியாக இருந்த இடத்தைக் காட்டக் கூட்டிப்போனா. வோபர்ன் பக்கம், லோரன்ஸ் வீதியால் கிழக்கே எட்டுக் கிலோமீற்றர். அன்ரிக்கு வீட்டு நம்பர் தெரியாது, அதனால் மெசினில் எதையும் போட முடியவில்லை. முதல் நாள் போட்ட விலாசம் அதிலேயே கிடந்தது. அன்ரி நேரே என்றால் அவள் திரும்பு என்றாள். பழைய மீன்கடைச் சந்தி, வெள்ளை அப்பார்ட்மென்ற் என்று அன்ரி சொல்லிக்கொண்டே வர, அவள் பின்னுக்குப் போ, பின்னுக்குப் போ என்று நின்றாள்.

"உவளை இறக்கிவிடும் தம்பி. நான் இருபது வருஷமாய் இந்த ரோட்டிலை திரியிறன்" என்றா அன்ரி.

மார்க்கம் வீதிக்குக் கிட்ட ஒரு செங்கல் வீடு. பக்கத்துக் கதவால் ஆறு படி கீழே. இப்போது அங்கே இரண்டு பெடியள். ஒருவன் நித்திரைக் கண்ணோடு கதவைத் திறந்து, பாருங்கோ அண்ணை என்று விலகி நின்றான். இரண்டு மெத்தை, ஒரு சோற்றுப் பானை, நிலமட்டத்தில் சின்ன ஜன்னல். அதால் பார்த்தால் புல்லின் அடியும் காரின் சில்லும்தான் தெரியும். அண்ணாவின் பொருள் எதுவும் இல்லை. ஐந்து நிமிஷம் நின்றேன்.

காரில் ஏறியதும் அன்ரி, அண்ணாவின் சாமான்களை ஒதுக்கும்போது கிடைத்தது என்று தன் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து என் மடியில் வைத்தா. என் கையெழுத்து. மேல் பக்கம் கிழித்துத் திறந்திருந்தது.

"வாசிச்சவனோ அன்ரி?"

"ஓம். எங்கடை குசினி மேசையிலை இருந்துதான் வாசிச்சவர். பிறகு, தம்பி கோவிக்கிறான், எனக்குக் கார் பழக்கிவிடுங்கோ எண்டு அங்கிளைக் கேட்டவர்."

கார் ஓடிப் பழகியது அங்கிளின் பச்சைக் காரிலாம். ஜனவரியில் சோதனைக்குப் போய் இரண்டு தரம் பெயில். மூன்றாம் தரத்துக்கும் நாள் எடுத்து வைத்திருந்தானாம். தம்பி வந்து இறங்கினால் நானே போய் ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் பதில் எழுதுவேன் என்று சொல்லித் திரிந்தானாம்.

உறையைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க நீலப் பேனையால் ஒரு வழி கீறியிருந்தது. மேலே ஒரு பிளேன். 409, 401 கிழக்கு, மார்க்கம் வீதி இறக்கம். பக்கத்தில் தனக்குத்தானே எழுதிய குறிப்புகள்: "எக்ஸ்பிரஸுக்குப் போகாதை." "வலப்பக்கமே நில்." "லைற்றிலை அவதிப்படாதை." உறையின் முன்பக்கம் நான் எழுதிய வெக்ஸ்போர்ட் வீட்டு விலாசம். பின்பக்கத்தில் அவன் கீறிய கோடு அந்த வீட்டுக்குப் போகவில்லை. அது முடிந்த இடத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் ஆறு படி.

ஞாயிற்றுக்கிழமை. விமானம் பின்னேரம் ஆறு நாற்பதுக்கு. கார் மூன்று மணிக்குக் கொடுக்க வேண்டும். பதினொரு மணிக்கே அன்ரி வீட்டிலிருந்து புறப்பட்டேன். விமான நிலையம் போனதும் காரைக் கொடுக்கவில்லை. ஆட்கள் வெளியே வருகிற வாசலுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்தினேன். பெட்டியோடு ஒரு பெடியன் யாரையோ தேடிக்கொண்டு நின்றான். மெசினை நிற்பாட்டினேன். உறையைத் திரையின் மேல் ஒட்டவைத்து, பிளேனில் தொடங்கி அவன் கீறிய கோட்டின் வழியே ஓடினேன்.

409. 401 கிழக்கு. எக்ஸ்பிரஸுக்குப் போகவில்லை. வலப்பக்கமே நின்றேன். எல்லாரும் என்னைக் கடந்து போனார்கள். பஸ்ஸில் திரிந்தவன் நெடுஞ்சாலையை எப்படி இவ்வளவு சரியாகக் கீறினான் என்று தெரியவில்லை. அங்கிளைக் கேட்டுக் கேட்டுக் கீறியிருப்பான். முப்பத்தாறு கிலோமீற்றர், நாற்பது நிமிஷம். ஒரு திருப்பமும் பிழைக்கவில்லை.

செங்கல் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். உறையின் அடியில், படிகளுக்குக் கீழே, கடைசி வரி ஒன்று இருந்தது. அதுமட்டும் தனக்கு எழுதியது இல்லை.

"இதிலை வந்து நீ ஹோர்ன் அடிக்கக் கூடாது. மேல்வீட்டு மனுசி பேசும்."

என் கை ஹோர்னுக்கு மேலேயே இருந்தது. அடிக்கவில்லை.