லாக் ஒரு வீட்டில், சிடி ஒரு வீட்டில்

போன மாதம் பெங்களூரிலிருந்து என் மகள் ஒரு புது கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பினாள். "தனியா இருக்கீங்கப்பா... கேமராவுல தினம் பார்த்துப் பேசலாம்" என்றாள். தினம் என்பது இரண்டாவது வாரமே ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு ஆபீஸ் இருக்கிறது. எனக்கு ஹால் இருக்கிறது.

பல வருஷமாக வாரா வாரம் பத்திரிகையில் உங்களுக்கு எழுதும் இந்தப் பத்திக்கு ஒரு நாள் போதும். மீதி நாளெல்லாம் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழைய சிடிக்களைப் போட்டுத் துழாவினேன். ஒன்றில் 'சரோ லெட்டர்' என்று ஒரு ஃபோல்டர் கிடைத்தது.

சரோஜா என் மனைவி. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூட்டு வலியால் பேனா பிடிக்க முடியாமல் போனபோது, பிரான்ஸில் இருக்கும் தங்கை கமலாவுக்கு அவள் கடிதம் சொல்லுவாள். நான் பத்திரிகை, நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் என் டிடிபி சென்டரில் வைத்து அடித்து, பிரிண்ட் எடுத்துத் தபாலில் போடுவேன். மொத்தம் பதினேழு கடிதங்கள். கமலா வீடு மாறியதில் அவளிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சரோவின் பேச்சு என்று மிச்சம் இருப்பது இந்த ஃபோல்டர் மட்டும்தான். திறந்தேன்.

திரை முழுக்கக் கொம்பும் வாலும் முளைத்த அந்நிய எழுத்துகள்!

கம்ப்யூட்டரை மாட்டிக்கொடுத்த கடைக்காரரை வரவழைத்தேன். எட்டிப் பார்த்தார். "பிரான்ஸுக்குப் போன லெட்டர்தானே சார்? பிரெஞ்சுல இருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க" என்றார்.

புதுச்சேரியில்தான் இப்படி ஒரு பதில் கிடைக்கும். நான் மட்டும் லேசுப்பட்டவனா? பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் எதிர் வீட்டு ரிட்டயர்ட் பிரெஞ்சு ஆசிரியரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டைக் குவித்து, இரண்டு வரி முயன்று பார்த்தார். "முசியே, எழுத்து மேல இருக்கிற கோடு மட்டுந்தான் பிரெஞ்சு. மத்தது எந்த ஊர் பாஷையோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தெருவைக் கடக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. இது எங்கள் டிடிபி சென்டரில் இருந்த பழைய தமிழ் சாஃப்ட்வேர். அதற்கு ஒரு லாக் உண்டு. தீப்பெட்டி அளவு இருக்கும். கம்ப்யூட்டருக்குப் பின்னால், பிரிண்டர் ஒயர் செருகும் இடத்தில் அதைச் செருகினால்தான் எழுத்து தமிழாகும். காப்பியடிக்காமல் இருக்க கம்பெனிக்காரர்கள் செய்திருந்த ஏற்பாடு.

நேராகக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "லாக் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல சார்" என்றார். "புது மிஷின்ல அந்த போர்ட்டே கிடையாது. வேற ஒயர் போட்டு இழுத்தாலும் அத ஓட்ட இந்த விண்டோஸுக்கு டிரைவர் புரோகிராம் இல்ல. பழைய விண்டோஸ் 98 மிஷின் எங்கனா இருக்குதா பாருங்க."

இருந்தது. லாக்கும் அந்த மிஷினும் ஒரே இடத்தில்தான் இருந்தன — கருவடிக்குப்பத்தில், கபிரியேல் வீட்டில். அதுதான் சிக்கல்.

நானும் கபிரியேலும் முதலியார்பேட்டையில் ஒன்பது வருஷம் சேர்ந்து அந்த சென்டரை நடத்தினோம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாதா கோயில் பெயர் மாறிப்போய், பாதிச் சொந்தக்காரர்கள் வேறொரு கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். "அடிச்சவன் நீ" என்றேன். "படிச்சுப் பார்த்து ஓகே சொன்னவன் நீ" என்றான். அதோடு கடையை மூடினோம். மிஷினும் லாக்கும் அவனுக்கு, சாஃப்ட்வேரும் ஃபைல்களும் இருந்த சிடிக்கள் எனக்கு. ஒருத்தனை விட்டு ஒருத்தன் ரொம்ப நாள் தொழில் ஓட்ட முடியாது என்று தெரிந்தேதான் பிரித்துக்கொண்டோம்.

ஐந்து வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. சரோ சாவுக்கு வந்தவன் தெருமுனையிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனான் என்று சொன்னார்கள். நான் ஆள் விட்டுக் கூப்பிடவில்லை. இப்போது அவன் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு என்ன முகம் இருக்கிறது? மூன்று நாள் யோசித்தேன். ஆனால் சரோவின் குரலைக் கேட்க வேறு வழி இல்லையே... போனேன்.

கபிரியேல் கதவைத் திறந்தான். முடி முழுக்க வெளுத்திருந்தது. என் கையிலிருந்த பையைப் பார்த்தான்.

"சிடி எடுத்தாந்தியா?"

தலையாட்டினேன்.

"மிஷின்ல வைரஸ் வந்து எல்லாத்தயும் அழிச்சி ஃபார்மேட் பண்ணிட்டேன்யா. வெறும் லாக்க வெச்சிக்கினு இன்னா பண்றது? மிஷின்ல சீட்டு ஆடிக்கினு இருக்கேன். உள்ள வா."

சாஃப்ட்வேரை மறுபடி ஏற்ற அந்த மிஷின் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அது இரைந்துகொண்டிருந்ததால் நாங்கள் பேசாமல் இருந்தது பெரிதாகத் தெரியவில்லை. புதுசோடு பழசு ஒத்துப்போகாது என்கிறார் கடைக்காரர். பழசோடு பழசு ஒத்துப்போக எங்களுக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. இதற்கு எந்த டிரைவரைக் குறை சொல்வது?

கொம்பும் வாலும் உதிர்ந்தன. தமிழ் வந்தது.

'அன்புள்ள கமலாவுக்கு, இங்கு அனைவரும் நலம். நலமறிய ஆவல். இவ்வாண்டு மழை குறைவு. மகள் நன்கு படிக்கிறாள்.'

அடுத்ததைத் திறந்தேன். அதுவும் நலம், மழை, படிப்பு. அதற்கடுத்ததும் அப்படியே.

சரோவா இப்படிப் பேசுவாள்? சிரிப்பும் திட்டுமாக ஒவ்வொரு கடிதத்துக்கும் அரை மணி நேரம் கொட்டுவாள். நான் அதை எட்டு வரியில் செதுக்கி, இலக்கணமாக அடித்திருக்கிறேன். எழுத்தாளன் இல்லையா? ஒவ்வொரு கடிதத்திலும் நான்தான் இருந்தேன். அவளைக் காணவில்லை. அவன் எதிரில் அழக் கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை.

கபிரியேல் மௌஸை என் பக்கம் தள்ளினான். பிறகு, "கடைசி ஃபைல ஓப்பன் பண்ணு" என்றான். "அது நான் அடிச்சது. நீ மெட்ராஸ் போயிருந்தே. சரோ தங்கச்சி சொல்லச் சொல்ல அப்படியே அடிச்சேன். எனக்கு மாத்தியெல்லாம் எழுதத் தெரியாது."

திறந்தேன். புள்ளி இல்லை, கமா இல்லை.

'ஏய் கமலா எப்படிடி இருக்க குளிருல கால் வெடிச்சிருந்துதே சரியா போச்சா இன்னைக்கி கபிரியேல் அண்ணன் அடிக்கிறாரு அதனால நெறைய பேசப்போறேன் உங்க மாமா அடிச்சா பாதிய முழுங்கிடுவாரு...'

சிரித்துவிட்டேன். அவளேதான்! நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு மேலே படித்தேன்.

'அவரு நல்லவருதான்டி ஊருல இருக்கிறவங்களுக்கெல்லாம் எழுதுறாரு எங்கிட்ட பேசத்தான் நேரம் இல்ல பொண்ணும் காலேஜ் போயிடுது இவ்ளோ பெரிய வீட்ல நான் ஒண்டியாத்தான் கெடக்குறேன்...'

கபிரியேல் காபி போட எழுந்து போய்விட்டான்.

அவள் ஒண்டியாகக் கிடந்த அந்த வீட்டில்தான் நானும் இருந்தேன் — பக்கத்து அறையில், உங்களுக்கு இந்தப் பத்தியை எழுதிக்கொண்டு.