போர்ட் திறந்திருக்கிறது

அக்காவின் கம்ப்யூட்டர் செத்த அன்றைக்கு எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம். அதன் ஃபேன் போடுகிற சத்தத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு மனுஷன் போன் பேச முடியாது. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் கடலைப் பார்த்த மாடி அறை எங்களுடையது. ஜன்னலை மூடினால் வெந்துபோவோம். திறந்து வைத்தால் உப்புக் காற்று உள்ளே வந்து இரும்பு என்று இருப்பதையெல்லாம் தின்னும். நாங்கள் எப்போதும் திறந்தே வைத்திருந்தோம். பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் மதர்போர்டு முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் ஏதோ புண்ணியத்தில் பிழைத்திருந்தது.

கண்டெய்னரில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குப் பத்திரங்கள் தயார் செய்து கொடுப்பது எங்கள் வேலை. தலைமை அலுவலகம் சென்னையில். இங்கே நானும் அக்காவும் மட்டும். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, என்னைவிட மூத்தவர், எனக்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். உப்பு, தீப்பெட்டி, கருவாடு என்று பழைய வாடிக்கையாளர்களின் பேக்கிங் பத்திரம் அத்தனையும் ஒரு பழைய புரோகிராமில் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. பழைய விண்டோஸைத் தவிர வேறு எதிலும் அது திறக்காது. அதை ஓட்டத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான்.

சென்னை மேலாளர் போனில் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த சாஃப்ட்வேர் ஓடணும். ஓடினா மட்டும் பத்தாது, உள்ள என்ன என்ட்ரி போடறாங்கன்னு நாங்க இங்கேருந்து பாக்கணும். முடியலைன்னா வேலைய இங்க மாத்திக்கலாம். மேடமும் சென்னைக்கு வந்துடட்டும், இல்ல அவங்க இஷ்டம்."

'அவங்க இஷ்டம்' என்பதற்கு அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அக்காவால் சென்னை போக முடியாது. வீட்டுக்காரர் தோணியில் மாலத்தீவுக்குப் போய் வருகிறவர், பாதி மாதம் கடலில் இருப்பார். வீட்டில் அக்காவின் அம்மா இருக்கிறார். கண் பார்வை கிடையாது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவரைப் போல நடக்க யாராலும் முடியாது. அலமாரி, மேசை, ஜன்னல் என்று தொட்டுத் தொட்டு அடுப்படி வரைக்கும் போய், தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிடுவார். சாப்பிட்டதும் தினமும் மத்தியானம் அக்காவுக்குப் போன் வரும்.

"மெட்ராஸ்ல எந்த வீட்ட அவியளுக்குத் தெரியும்?" என்றார் அக்கா. "கொண்டுபோயி ஒரு நாற்காலில உக்கார வச்சிட்டு நான் வேலைக்குப் போகணும். அம்புட்டுத்தான் அவிய சீவியம்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்னதுதான். ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுத்துவிட்டதிலிருந்து எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியர் நான்தான்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. என்னுடைய கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே ஒரே கோப்பாக்கி அதற்குள் போட்டால், செத்த கம்ப்யூட்டர் என் திரையில் ஒரு ஜன்னலுக்குள் எழுந்து உட்காரும். அதற்கான மென்பொருளை, கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கிற ஹெல்ப்டெஸ்க் ஆள் சென்னையில் இருந்தபடியே ஏற்றிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, எதை மாற்றவும் தேவைப்படுகிற அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லாமல் போய்விட்டான். கிளைகளுக்கு அட்மின் கிடையாதாம், பாலிசியாம்.

புரோகிராம் எழுந்துவிட்டது. பழைய பச்சை நிறத் திரையைப் பார்த்ததும் அக்கா, "மாதாவே, உசுரோட வந்துட்டு!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் என் சனி.

உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் வெளியே தெரிய வேண்டுமென்றால் அதற்கு நெட்வொர்க்கில் தனி விலாசம் வேண்டும். அதற்கு 'பிரிட்ஜ்' என்று ஒரு வழி. அதை அமுக்கினேன். அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. சரி, வாடகைக்குக் குடியிருப்பது போல இன்னொரு வழி இருக்கிறது. வீட்டுக்காரர் விலாசத்திலேயே ஒண்டிக்கொள்ளலாம், நாம் வெளியே போய்வரலாம், நம்மைத் தேடி யாரும் உள்ளே வர முடியாது. அதைப் போட்டேன், போட்டவுடன் வேலை செய்தது. யாராவது வந்தால் உள்ளே அனுப்பும்படி ஒரு வாசல் எண்ணும் கொடுத்தேன். அந்த எண்ணுக்குப் பெயர் போர்ட். என் கம்ப்யூட்டரில் திறந்தது. அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பிலிருந்து தட்டினால் திறக்கவில்லை. நடுவில் காவலுக்கு ஃபயர்வால் நின்றது. அதைக் கொஞ்சம் விலகச் சொன்னால் மறுபடி அதே பெட்டி, அதே கேள்வி, அட்மின் பாஸ்வேர்டு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மா சொன்னதில்லை.

ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் போட்டேன், புகாருக்கு அவர்கள் வைத்த பெயர் அது. 'தூத்துக்குடி: போர்ட்டைத் திறந்து தரவும். அவசரம்' என்று ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதினேன். எழுதும்போது ஒரு சந்தேகமும் வரவில்லை. மறுநாள் காலையில் பதில் வந்தது: 'தூத்துக்குடி போர்ட் திறந்திருப்பதும் வழக்கம்போல் இயங்குவதும் உறுதி செய்யப்பட்டது. டிக்கெட் முடிக்கப்பட்டது.'

இரண்டு தடவை படித்த பிறகுதான் விளங்கியது. புண்ணியவான், டிக்கெட்டைக் கப்பல் விவகாரம் பார்க்கிற பிரிவுக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். தூத்துக்குடி, போர்ட் என்று இரண்டு வார்த்தை சேர்ந்து வந்தால் அவனுக்கு வேறென்ன தோன்றும்! எங்கள் ஊரில் போர்ட் என்றால் துறைமுகம். பஸ்ஸில் ஏறிப் போர்ட் என்று டிக்கெட் கேட்டாலும் அதுதான். நான்தான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். அந்தக் கோபத்தில் யோசிக்கவா தோன்றும்? உடனே இன்னொரு டிக்கெட் தட்டினேன்: 'போர்ட் இன்னும் அடைபட்டே இருக்கிறது. வேலை நின்றுவிட்டது.'

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. அரை மணி நேரத்தில் போன் அடித்தது. எட்டயபுரத்துப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற அண்ணாச்சி, எங்கள் வாடிக்கையாளர்.

"ஏலே, போர்ட்ட அடச்சிட்டாவளாமே! எங் கண்டெய்னர் எட்டயபுரத்துல ரோட்டோரமா நிக்கி. டிரைவர் டீக்கடையில உக்காந்துக்கிட்டு வரவா, திரும்பவான்னு கேக்கான்."

"யாரு அண்ணாச்சி சொன்னா?"

"ஒங்க மெட்ராஸ் ஆபீஸ்லேருந்துதாம்ல மெயிலு வந்திருக்கு. தூத்துக்குடியில வேல நின்னுபோச்சின்னு."

"நிக்கல அண்ணாச்சி. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் பேசுதேன். கிரேன் ஓடுது. அது கம்ப்யூட்டர் போர்ட்டு."

"கம்ப்யூட்டருக்கு எதுக்குல போர்ட்டு? அதுல கப்பலா வருது?"

அன்று மத்தியானம் வரைக்கும் இதே பாட்டுதான். உப்பளக்காரர் கேட்டார், கருவாட்டுக்காரர் கேட்டார், சரக்கே அனுப்பாத ஒருவர்கூட விசாரித்தார். ஒவ்வொருவருக்கும் ஜன்னலைப் பார்த்து கிரேன் ஓடுகிறது என்று சாட்சி சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்தது. அக்கா எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கொடுத்தார், எனக்குத் தெரியும். எனக்கோ யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கிற தூரத்தில் ஒருத்தனும் இல்லை, எல்லாரும் சென்னையில் இருந்தார்கள்.

ஹெல்ப்டெஸ்க் ஆளைக் கடைசியில் போனில் பிடித்தேன். "சார், நீங்க போர்ட்டுன்னு போட்டா அது ஆட்டோமேட்டிக்கா அங்கதான் சார் போகும்" என்றான். பாஸ்வேர்டு கேட்டேன். "லோக்கல் அட்மின்கிட்ட கேளுங்க சார்." இங்கே லோக்கல் அட்மின் யார் என்று கேட்டேன். "இல்ல சார், உங்க பிராஞ்ச்ல யாரும் இல்ல." போனை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை வெறுத்துப்போய் அந்தப் பழைய விண்டோஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு வெளியே போய்வந்துகொண்டிருந்தது. கடிகாரத்தைக்கூட எங்கோ கேட்டுச் சரியாக வைத்திருந்தது. போகிற வழியில் யாரும் அதனிடம் பாஸ்வேர்டு கேட்கவில்லை. அவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும் என்று நான் ஏன் மல்லுக்கட்டுகிறேன்? இதுவே போய்க் கொடுத்துவிட்டு வரட்டுமே. சென்னை சர்வரில் எங்கள் கிளைக்கென்று ஒரு ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தது. அக்கா ஒரு பத்திரத்தைச் சேமிக்கும்போதெல்லாம் அதன் நகலை அந்த ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்கும்படி உள்ளே நாலு வரி எழுதினேன். வேலை செய்தது. எனக்கே நம்பிக்கை வராமல் அக்காவை மறுபடி மறுபடி சேமிக்கச் சொன்னேன்.

"போதும் தம்பி, தீப்பெட்டி அண்ணாச்சி ஒரே சரக்க இத்தன தடவ அனுப்பமாட்டாரு" என்றார் அக்கா. அவர் குரல் லேசாகிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மேலாளர் சென்னையில் உட்கார்ந்து பார்த்தார். இங்கே அக்கா தட்டியது அங்கே வந்து விழுந்தது. ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"சூப்பர்! ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க. ஆமா, இந்த விர்ச்சுவல் மெஷின்னு சொல்றீங்களே, அது மொத்தமா ஒரே ஃபைல்தானே?"

"ஆமா சார்" என்றேன், பெருமையாக.

"அப்போ அந்த ஃபைல இங்க காப்பி அனுப்பிடுங்க. எங்க பசங்களே கத்துக்கிட்டு இங்கேயே ஓட்டிப்பாங்க. எதுக்கு ரெண்டு இடத்துல?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. வெட்டியவன் நான். அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த ஓட்டைக் கம்ப்யூட்டரைச் செத்தபடியே விட்டிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் கோப்பு போக வழியில்லை. பென் டிரைவ் போட என் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லை. மெயிலில் கொள்ளாது. கிளை ஃபோல்டரில் சின்னப் பத்திரங்கள் வைக்கத்தான் இடம். பெரிய கோப்பை ஏற்றுகிற சர்வருக்கு வேறு ஒரு போர்ட் திறக்க வேண்டும். ஹெல்ப்டெஸ்க் ஆளைக் கேட்டேன்.

"டிக்கெட் போட்டுடுங்க சார்" என்றான்.

இந்த முறை நிதானமாக உட்கார்ந்தேன். எப்படி எழுதினால் சரியான ஆளிடம் போகும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். எப்படி எழுதினால் போகாது என்பதும் தெரியும். அதிலும், எப்படி எழுதினால் எட்டயபுரத்தில் லாரி நிற்காது என்றும் கற்றிருந்தேன். அடைப்பு, அவசரம், ஒன்றும் சேர்க்காமல் எழுதினேன்: 'தூத்துக்குடி: போர்ட்டைத் திறந்து தரவும்.'

திங்கட்கிழமை பதில் வந்தது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டு வாசித்தார்.

"போர்ட்டு திறந்துதான் கெடக்காம் தம்பி. டிக்கெட்ட முடிச்சிட்டாவளாம்."

"என்னக்கா செய்ய? நானும் சொல்லத்தானே செய்யுதேன்" என்றேன்.

அக்காவின் போன் அடித்தது, அவர் அம்மாதான். ஸ்பீக்கரில் போட்டபடி அக்கா என்னை எழுப்பி என் நாற்காலியில் உட்கார்ந்து பச்சைத் திரையைத் திறந்தார்.

"ஏளா, சாப்பிட்டாச்சு. தட்டக் கழுவி வச்சிட்டு இப்ப ஜன்னல்கிட்ட வந்து நிக்கேன். நல்ல காத்து."

"சரிம்மா. அங்கனயே இருங்க. அஞ்சரைக்கு வந்திருவேன்."

சென்னையிலிருந்து அவ்வப்போது அந்தக் கோப்பு என்னாயிற்று என்று கேட்பார்கள். நான் டிக்கெட் எண்ணைச் சொல்வேன். அட்மின் பாஸ்வேர்டை இன்றுவரைக்கும் எனக்கு யாரும் தரவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.