வலை என்ற விடை

பொங்கலன்று ஆரணியில் எங்கள் தெருவில் பொது அறிவுப் போட்டி நடத்தினேன். கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு, எல்லா விடைகளும் சேரும் ஒரு பொழுதுபோக்கைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நிலத்தில் வாழும் மிகப் பெரிய விலங்கு? யானை. சீட்டுக்கட்டில் வரும் கோமாளி? ஜோக்கர். சிலந்தி தன் நூலால் பின்னுவது? வலை.

எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்க, எதிர்வீட்டில் பட்டு நெய்யும் செல்வி அக்கா மெல்ல, “சர்க்கஸ்” என்றார்.

கைதட்டலுக்கு நடுவே பரிசான எவர்சில்வர் குடத்தை நீட்டினேன். “எப்படிக்கா டக்குனு சொன்னீங்க?”

“கல்யாணத்துக்கு முன்னாடி நான் அதுலதான் இருந்தேன் தம்பி. நானும் என் தங்கச்சியும் மேல ஊஞ்சல் ஆடுவோம். ஒருநாள் காலையில பழகிகினு இருந்தோம். அவ தாவி வந்தா. புடிச்சேன். கை வழுக்கிடுச்சு.”

எனக்கு ஏன் அப்படிக் கேட்கத் தோன்றியதோ, “கீழே வலை இருந்திருக்குமே?” என்றேன்.

“சும்மா பழகறதுதானேன்னு அன்னிக்குக் கட்டல.”

குடத்தை வாங்காமலே வீட்டுக்குள் போய்விட்டார். தெருவில் யாருக்கும் அதுவரை இது தெரியாது.

அதன்பின் அவர் தறியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கைகளுக்கே போகிறது. அவர் நிமிர்வதற்குள் திரும்பிக்கொள்கிறேன்.